அம்மாவுக்கு வந்திருந்தால், மகள் என்ன செய்ய வேண்டும்?

மார்பகப் புற்றுநோய் வந்த வீட்டுப் பெண்களுக்கு அந்த நோயைப் பற்றி மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். சித்தூர், திருப்பதி பக்கம் அப்படிப்பட்ட வீடுகளில் பேசிப் பார்த்தால் நிலைமை வேறு. அம்மாவை வேலூருக்கு அழைத்துப் போனதும், முடி கொட்டியதும், கரண்ட் வைத்ததும் மகளுக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, முதலில் கண்ணில் பட்டது என்ன, எத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. "அதெல்லாம் இப்ப எதுக்கு? பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா" என்று பெரியவர்கள் பேச்சை அடக்கியிருப்பார்கள். வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஊர் வாய் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவள் அதே மகள்தான்.

அவளுக்கு நோயைப் பற்றிய பயம் மட்டும் கைக்கு வருகிறது, தகவல் வருவதில்லை. பயம் மட்டும் இருப்பவர் கட்டியைத் தொட்டவுடன் மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. அம்மா பட்டதெல்லாம் கண்முன் வர, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று கையை எடுத்துவிடுகிறார். கட்டியைக் கண்டதற்கும் வாய் திறந்து சொன்னதற்கும் இடையில் ஓடிப்போகும் நாட்களைக் குறைப்பதற்காகவே இந்த அத்தியாயம்.

அந்த நாட்களுக்கு என்ன மதிப்பு என்பதை எண்களே சொல்லும். இந்தியாவின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2012 முதல் 2015 வரை பதிவான மார்பகப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அக்குளின் நெறிக்கட்டு வரை பரவியிருந்தவர்களில் அது சுமார் 65 சதவீதம். எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று தூரம் போய்விட்ட பிறகு வந்தவர்களில் 18 சதவீதம் மட்டுமே. நோய் ஒன்றுதான், மருந்துகளும் ஏறக்குறைய அவைதான். வந்து சேர்ந்த நேரம்தான் வேறு.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

அம்மா, கூடப்பிறந்தவள், மகள் ஆகிய மூவரில் ஒருவருக்கு வந்திருந்தால் உங்களுக்கான வாய்ப்பு மற்ற பெண்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அவருக்கு 50 வயதுக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு மார்பிலும் வந்திருந்தாலும், பழைய ஃபைலில் 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்று எழுதியிருந்தாலும் அப்படியே. குடும்பத்தில் ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சாதாரணமாக விடக்கூடாது. சினைப்பைப் புற்றுநோயும் இதே கணக்கில் சேரும். "பாட்டி வயித்துல கட்டி வந்து செத்துப்போனாங்க" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கட்டி எங்கே இருந்தது என்று ஒருமுறை விசாரியுங்கள்.

இரண்டு இடங்களில் நம் ஊர்க் கணக்கு தவறிவிடுகிறது. முதலாவது, அம்மா வழியை மட்டும் பார்ப்பது. பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்ற மரபணுக்களில் ஏற்படும் பிழைதான் பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம். இந்தப் பிழை அப்பா வழியாகவும் வரும். அவருக்கு நோயே வராமல் இருக்கலாம். அவர் தங்கைக்கு வந்திருக்கும், மகளுக்கும் வரக்கூடும். அதனால் அத்தையின் நோயை அடுத்த வீட்டு விஷயமாக நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, உறவுக்குள் திருமணம். இந்தப் பக்கம் அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டிக்கொண்ட பெண்கள் ஏராளம். மாமியார் என்றால் வேறு ரத்தம் என்று மருத்துவப் படிவம் எடுத்துக்கொள்கிறது. அத்தை மகனைக் கட்டியவளுக்கு மாமியார் அப்பாவின் கூடப்பிறந்தவர். தாய்மாமனைக் கட்டியவளுக்கு மாமியார் அம்மாவைப் பெற்ற பாட்டி. இவர்களில் யாருக்கு நோய் வந்திருந்தாலும் அது உங்கள் குடும்ப வரலாறு. "குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்கும்போது, "மாமியாருக்கு இருந்தது, அவங்க எனக்குச் சொந்த அத்தை" என்று விளக்கிச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

ஒரு மார்பில் ஏற்கெனவே நோய் வந்து குணமானவர்கள், இளம் வயதில் வேறு நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள், முன்பு எடுத்த பயாப்ஸியில் செல்களில் மாற்றம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். சிறு வயதிலேயே பூப்பெய்துவது, மாதவிலக்கு தாமதமாக நிற்பது, 30 வயதுக்குப் பிறகு முதல் குழந்தை, மாதவிலக்கு நின்றபின் கூடும் உடல் எடை, மதுப்பழக்கம் எல்லாம் வாய்ப்பைச் சற்றே கூட்டுபவை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நோய் வரும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்பு யாருக்கும் அது வந்ததே இல்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும் சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. "எங்க வம்சத்துல கிடையாது" என்பது யாருக்கும் காப்பு ஆகாது.

கண்ணும் கையும் கவனிக்க வேண்டியவை

வலிக்காத கட்டி. ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வலித்தால் நோய், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்றுதான் நம் உடம்பு நமக்குப் பழக்கியிருக்கிறது. பல்வலி வந்தால் மறுநாளே போகிறோம். மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் அது மாதக்கணக்கில் வீட்டு வேலைகளுக்கு இடையில் கூடவே இருந்துவிடுகிறது. குளிக்கும்போது சோப்புக் கை வழுக்கிக்கொண்டு போகும் வழியில் ஓரிடத்தில் தட்டும். கெட்டியாக இருக்கும், ஓரம் ஒழுங்காக இருக்காது, விரலுக்கு நழுவாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். இளம் பெண்களுக்கு வரும் சாதாரணக் கட்டி பெரும்பாலும் உருண்டையாக, விரலுக்குத் தப்பி ஓடும். ஆனால் தொட்டுப் பார்த்தே இது அதுதான் என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவரே ஸ்கேன் பார்க்காமல் அப்படிச் சொல்வதில்லை.

கட்டியே தெரியாமலும் மாற்றங்கள் வரும். மார்பில் ஓரிடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அது நன்றாகத் தெரியும். தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தோலைப் போலப் புள்ளிப் புள்ளியாகத் தோன்றும். நேராக இருந்த காம்பு சமீபத்தில் உள்வாங்கும். காம்பிலிருந்து, அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும், தானாகவே ரத்தமோ நீரோ கசியும். பிரா துணியில் சிறு கறையாகத்தான் அது முதலில் கண்ணில் படும். காம்பைச் சுற்றி அரிப்பும் பொருக்குமாகப் புண் வந்து, சொறி மருந்து போட்டும் ஆறாமல் இருக்கும். அக்குளில் நெறி கட்டும். ஒரு மார்பு மட்டும் பெரிதாகும், அல்லது மேலேறிய மாதிரி தெரியும்.

மார்பு முழுவதும் சிவந்து, சூடாகி, வீங்கினால் சீழ்க்கட்டி என்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் அது முற்றிலும் வடியவில்லை என்றால் இரண்டாவது கோர்ஸ் மாத்திரைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் கேளுங்கள். வேகமாகப் பரவும் ஒரு வகைப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்குகிறது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். பால் கட்டியது என்று சொல்லப்பட்ட கட்டி இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். அந்த ஸ்கேனால் தாய்க்கும் குழந்தைக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

மாதம் ஒருமுறை படம் பார்த்து முறைப்படி தடவிச் சோதித்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் வேலை பார்த்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். முறையான சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை என்று 2002-இல் முடிவு வந்தது. ஆகவே தேதி தவறிவிட்டதே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பதும், மாறினால் உடனே காட்டுவதும்தான் தேவை. மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் குளிக்கும்போது கவனித்தால் போதும். அதற்கு முன்பு மார்பு இயல்பாகவே கனத்து, முடிச்சு முடிச்சாக இருக்கும்.

பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதித்ததில், 50 வயதைக் கடந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் நடந்த காரியம் இது.

எனவே ஆஷா பணியாளரோ ஏ.என்.எம்.மோ வீட்டு வாசலுக்கு வரும்போது அலட்சியமாக அனுப்பிவிடாதீர்கள். ஆந்திரத்தில் 2024 நவம்பரில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்காக வீடு வீடாகப் போய் விசாரிக்கும் பணி தொடங்கியது. வாசலில் நின்று அவர் தெலுங்கில் கேள்விகளைப் படிப்பார். திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருப்பார். நாம் எல்லாவற்றுக்கும் "ஏமீ லேது" என்று சொல்லிவிடுவோம். அவரை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். இந்தப் பரிசோதனைக்கு அந்த ஐந்து நிமிடத் தனிமைதான் முதல் தேவை.

குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் அறிகுறி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ எந்த வயதில் வந்ததோ, அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே பரிசோதனையைத் தொடங்குவது மருத்துவர்களின் வழக்கம். அம்மாவுக்கு 44-இல் வந்தது என்றால் மகள் 34-இல் தொடங்க வேண்டும். மரபணுப் பிழை இருப்பது உறுதியானவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30-க்குப் பிறகு மேமோகிராமும் சேர்த்துச் சொல்வார்கள். மரபணுப் பரிசோதனையை எடுத்தவுடன் மகளுக்குச் செய்வதைவிட, நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குச் செய்வதே சரி. அவரிடம் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும்.

கட்டி தெரிந்தால்

இரண்டு வாரம். அதற்குமேல் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. அறுவடை, பிள்ளையின் பரீட்சை, கங்கை ஜாத்திரை, நாத்தனார் வளைகாப்பு எதுவும் காரணமாகாது.

முதல் வேலை, ஒருவரிடம் சொல்வது. கணவரிடம்தான் என்பதில்லை, அக்கா, தோழி, பள்ளி டீச்சர், சுய உதவிக் குழுவில் கூட இருப்பவர், யாராக இருந்தாலும் உங்களோடு பஸ் ஏறக்கூடியவராக இருக்கட்டும். வீட்டுக்குள் பேச்சு பரவினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பத்து போடுவது, எண்ணெய் வைத்து நீவுவது, சூட்டுக்கட்டி என்று மஞ்சள் குழைத்துக் கட்டுவது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு போட்டு நடந்தவர்கள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்த நம்பிக்கையை மார்புக் கட்டிக்கு நீட்டிப்பது சரியல்ல.

இரண்டாவது, எங்கே போவது என்பது. திருப்பதியில் அலிபிரி சாலையில் இருக்கும் சுவிம்ஸ், திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவாக்கிய மருத்துவமனை. 1993 முதல் இயங்குகிறது, புற்றுநோய்க்கென்று தனித் துறைகள் உண்டு. அதன் பிங்க் பஸ் பெண்களுக்கான பரிசோதனைக்காகக் கிராமங்களுக்கும் போகிறது. தேவஸ்தானம் கொடுத்த 25 ஏக்கர் நிலத்தில் டாடா அறக்கட்டளைகள் கட்டிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனை, சுருக்கமாக ஸ்விக்கார், 2022 மே 5 அன்று திறக்கப்பட்டது. ரூயா அரசுப் பொது மருத்துவமனையும் திருப்பதியில்தான். சித்தூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 35 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. எது பக்கமோ அங்கே முதலில் காட்டுங்கள். பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும், அதற்குப் பணம் சேரட்டும் என்று காத்திருப்பதுதான் தவறு.

மலைக்கு வேண்டிக்கொண்டு, அதை முடித்துவிட்டுத்தான் டாக்டர் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டுதலை விடச் சொல்லவில்லை. மலையேறும் வழியில்தான் மருத்துவமனையும் இருக்கிறது; அந்தக் கோயிலின் பணத்தில் வளர்ந்ததுதான் அது. ஓ.பி. சீட்டு முதலில், தரிசனம் அடுத்து.

மூன்றாவது, என்ன சொல்வது. கவுன்ட்டரில் கூட்டத்துக்கு நடுவில் கூச்சப்பட்டு "நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால், பொது மருத்துவத்துக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நாளும், அதைவிட முக்கியமாக ஒருமுறை கூட்டிய தைரியமும் வீண். "மார்புல கட்டி இருக்கு, இத்தனை நாளா இருக்கு, எங்க அம்மாவுக்கு இந்த வயசுல மார்பகப் புற்றுநோய் வந்தது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல வாய் வராது என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர் பரிசோதித்தால் பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும். அது உங்கள் உரிமை.

அங்கே மூன்று சோதனைகள் நடக்கும். மருத்துவர் கையால் பார்ப்பார். அடுத்து மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட். இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்ட்தான் முதலில். பிறகு தேவைப்பட்டால் ஊசி மூலம் சிறு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள், அதுதான் பயாப்ஸி. ஊசி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் சொல்வது உண்மையல்ல. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "சின்னக் கட்டிதானே, எடுத்துவிடலாம்" என்று ஸ்கேனும் பயாப்ஸியும் இல்லாமலேயே சிறிய நர்சிங் ஹோமில் வெட்டி எடுப்பதுண்டு. எடுத்ததைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பாமல் விடுவதும் உண்டு. அது புற்றுக்கட்டியாக இருந்தால், பிறகு வரும் சிகிச்சை முழுவதும் சிக்கலாகிவிடும். சோதனை முடிந்த பிறகுதான் கத்தி. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சோதிக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உங்களுக்கும் அப்படி முடிவு வந்தால் நிம்மதியாக வீடு திரும்புங்கள், ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "சின்ன வயசு, ஒன்னும் இருக்காது" என்று சோதனை இல்லாமலேயே அனுப்பினால் மட்டும் எழுந்துவிடாதீர்கள். நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிடச் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. முப்பதுகளில் வருபவர்களும் குறைவில்லை. குடும்ப வரலாற்றைத் திரும்பச் சொல்லி ஸ்கேன் எழுதித் தரக் கேளுங்கள்.

புற்றுநோய் என்று உறுதியானால், பணத்தைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 2007-இல் ஆரோக்யஸ்ரீ என்று தொடங்கி இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என்ற பெயரில் நடக்கும் மாநிலத் திட்டத்தில் அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் அடங்கும். ரேஷன் அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துப் போங்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இதற்கென்றே உதவியாளர் மேசை உண்டு. ஆந்திரத்துக்கு வெளியே போவதாக இருந்தால், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று 104-க்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மார்பு முழுவதையும் எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் பலரை வீட்டில் உட்கார வைக்கிறது. சீக்கிரம் வந்தவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்து, மார்பைக் காப்பாற்றி, பிறகு கதிர்வீச்சு கொடுக்க முடியும்; பலனில் அது முழு அறுவைக்குக் குறைந்ததல்ல. தாமதம்தான் அந்த வழியை அடைக்கிறது. கீமோவில் கொட்டும் முடி, முடித்த சில மாதங்களில் வளர்ந்துவிடும். மொட்டைத் தலையோடு நடக்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் திருப்பதி. பாதியில் நிறுத்துவதுதான் கூடாது. இரண்டு கீமோவில் கட்டி சுருங்கியதைப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நின்றுவிடுபவர்கள் பிறகு கனத்த மனதோடு திரும்பி வருகிறார்கள்.

மார்பில் ஏதோ ஒரு மாற்றத்தை ஏற்கெனவே கவனித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இந்தப் பக்கம் வரை படித்து வந்தவர் நீங்கள் என்றால், மீதி அத்தியாயங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றிரவு ஒருவரிடம் சொல்லுங்கள். நாளைக் காலை ஓ.பி. சீட்டு எழுதும் வரிசையில் இருங்கள்.